நினைவும் துணிபும்

தமிழில் 'நினைத்தல்' என்னும் ஒரு வினையே இரு தொழில் புரிகிறது. 'அன்று நடந்ததை நினைத்துப் பார்த்தேன்' என்று சொல்லும்போது அச்சொல் சென்ற காலத்தை நோக்குகிறது. 'நாளை வந்தவாசிக்குப் போகலாம் என நினைக்கிறேன்' என்று சொல்லும்போது அதே சொல் வருங்காலத்தை நோக்குகிறது. நினைவு கூர்தலும் ஒன்றைச் செய்ய எண்ணுதலும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கின்றன. மனிதன் தன் நினைவில் உள்ளதைக் கொண்டே இனிச் செய்ய வேண்டியதைத் துணிகிறான் என்னும் உண்மையை மொழி அறிந்திருக்கிறது போலும்.

ஆயினும் நினைவு என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. வயது ஏற ஏற அது மாறுகிறது. அவ்வாறாயின் சில கேள்விகள் எழுகின்றன. நாற்பது வயதில் ஒருவர் செய்யும் துணிபும் எண்பது வயதில் அவரே செய்யும் துணிபும் ஒரே அளவு நம்பத்தக்கனவா? நினைவு தளர்ந்தவருடைய முடிவுகளை மற்றவர் தம் கையில் எடுத்துக்கொள்ளலாமா? நினைவு உறுதியாக உள்ளவர் தம் முடிவைப் பற்றி ஐயுறவே வேண்டுவதில்லையா? இவை ஏட்டளவில் நிற்கும் கேள்விகள் அல்ல. முதியவர் ஒருவர் வாழும் ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் விடை கோரி நிற்பவை.

ஒரு கணக்கு நோட்டு

இக்கேள்விகளை எனக்கு எழுப்பியது நூற்பயிற்சி அன்று. என் தவறே ஆகும். பொன்னூர்மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அமைந்த எங்கள் சிற்றூரில் எனக்கும் என் பெரியப்பாவின் மகனுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு உண்டு. 1987ஆம் ஆண்டுக் கோடையில் நீர் வற்றியபோது, முறை வைத்து இறைப்பதில் மனத்தாங்கல் ஏற்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அக்கூட்டத்தில், 'இந்தக் கிணற்றில் உனக்கு என்ன உரிமை?' என்று அண்ணன் பலர் முன்னிலையில் என்னைக் கேட்டார் என்பது என் நினைவு. அவர் நின்ற வேப்பமரத்து நிழலும், தோளில் கிடந்த துண்டும், குரலில் இருந்த கடுமையும் பல ஆண்டுகள் என் மனக்கண்ணை விட்டு அகலவில்லை.

அந்த நினைவை அடிப்படையாகக் கொண்டு நான் பல முடிவுகளைச் செய்தேன். 1998ஆம் ஆண்டில் என் மகளின் திருமணம் நடந்தபோது, அண்ணன் வீட்டிற்கு நேரில் சென்று அழைக்காமல் அழைப்பிதழை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். பின்னர் அண்ணியார் காலமானபோதும் செல்லவில்லை.

திருமணத்தின்போது என் தாயாருக்கு எண்பது வயது. காலையில் உண்டதை மாலையில் மறந்துவிடுவார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றி அழைப்பார். அழைப்பிதழைக் கொடுத்தனுப்பிய செய்தியை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அன்றைக்கு நடந்தது எதுவும் எனக்கு நினைப்பில்லை, தம்பி. உனக்கு நினைப்பிருக்கிறது என்கிறாய். அவனுக்கும் ஒரு நினைப்பு இருக்குமே, அதைக் கேட்டாயா?" என்றார். மறதி மிகுந்தவரின் பேச்சு என்று கருதி, அதனை நான் பொருட்படுத்தவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது 1987ஆம் ஆண்டின் கணக்கு நோட்டு அகப்பட்டது. நெல் மூட்டை, உரம், ஆள் கூலி ஆகியவற்றின் நடுவே, அன்றைய கூட்டம் பற்றி என் கையெழுத்திலேயே நான்கு வரிகள் இருந்தன. உரிமை என்ன என்று கேட்டவர், சமரசம் பேச வந்த வேறொருவர். அடுத்த வரியில், 'அண்ணன் ஒன்றும் பேசவில்லை' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தவுடன் என் நினைவை நான் ஐயுறவில்லை, நோட்டைத்தான் ஐயுற்றேன். அவசரத்தில் தவறாக எழுதியிருப்பேன் என்றே முதலில் எண்ணினேன். உண்மை மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நாற்பது வயதை நெருங்கிய என் கூரிய நினைவு பிழைபட்டிருந்தது. எண்பது வயதில் எதையும் நினைவில் கொள்ள இயலாத தாயாரின் துணிபு சரியாக இருந்தது.

கொக்கும் கொடியும்

இது எவ்வாறு நேர்கிறது? இதற்கு விடை தேடியபோது நம் ஆசிரியர்கள் மதிஞானத்தைப் பற்றிக் கூறியுள்ளவை எனக்குப் புதிய வெளிச்சத்தில் தெரிந்தன.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் மதிஞானத்தை நான்கு படிகளாக வகுத்தார். அவை அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என்பன. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இவற்றிற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்று தருகிறார். தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகிறது; அது அவக்கிரகம். அது கொக்கா, கொடியா என அறிய விழைவது ஈஹை. அது எழுந்து தாழ்ந்து இறகடிப்பதைக் கண்டு, கொடியன்று, கொக்கே எனத் துணிவது அவாயம். பின்னொரு பொழுதில், காலையில் நான் கண்ட கொக்கு இதுவே என அறியும்படி அதனை உள்ளத்தில் இருத்துவது தாரணை. நம் ஏரிக்கரைகளிலும் நடவு வயல்களிலும் நின்று பார்த்தவர்க்கு இந்த எடுத்துக்காட்டு விளங்காமற் போகாது.

இப்படிகளின் வரிசையை நோக்குதல் வேண்டும். துணிபு மூன்றாவதாக வருகிறது; மனத்தில் இருத்துதல் அதற்குப் பின்னர் வருகிறது. ஆகவே நாம் நினைவில் வைப்பது கண்ட பொருளை அப்படியே அன்று. அப்பொருளைப் பற்றி நாம் செய்துகொண்ட துணிபோடு சேர்த்தே அதனை வைக்கிறோம். கொக்கைக் கொடி எனத் துணிந்தவன் நினைவில் கொடிதான் தங்கும். எத்தனை ஆண்டுகள் கழித்து அதனை எடுத்துப் பார்த்தாலும் அது கொடியாகவே பறந்துகொண்டிருக்கும்.

அன்றைய கூட்டத்திற்குச் செல்லும் முன்பே, அண்ணன் எனக்கு எதிரி என்று என் உள்ளம் துணிந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த ஒரு கடுஞ்சொல், தானே சென்று அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. பின்னர் அந்த நினைவே அடுத்த முடிவுக்குச் சான்றாயிற்று; அந்த முடிவு நினைவை மேலும் உறுதியாக்கிற்று. இவ்வாறு துணிபு நினைவாகவும், நினைவு அடுத்த துணிபாகவும் மாறி மாறி ஒரு சக்கரம் சுழல்கிறது. வயது வந்த ஒருவரின் வாழ்வில் பெரும்பகுதி இச்சக்கரத்தின் மீதே செல்கிறது.

நினைவுக்குச் சான்றாண்மை உண்டா?

அவ்வாறாயின் நினைவை நம்பவே கூடாதா என்னும் வினா எழும். இவ்வினாவைப் பாரதநாட்டுத் தருக்க நூலார் நெடுங்காலம் ஆராய்ந்தனர். நையாயிகரும் மீமாம்சகரும் நினைவைப் பிரமாணமாக ஏற்கவில்லை. முன்னரே அறிந்த பொருளை அது திரும்பவும் காட்டுகிறதே ஒழிய, புதிதாக எதனையும் அறிவிப்பதில்லை என்பது அவர்கள் கூறிய முக்கியமான காரணமாகும்.

சமணத் தருக்க நூலார் இதற்கு உடன்படவில்லை. கி.பி. 8ஆம் நூற்றாண்டினரான அகளங்கரும், அவர் கருத்துகளைப் பரீட்சாமுகம் என்னும் நூலில் சூத்திர வடிவில் தொகுத்த மாணிக்யநந்தியும் நினைவைப் பரோட்சப் பிரமாணங்களுள் ஒன்றாக வைத்தனர். ஸ்மிருதி, பிரத்யபிஞ்ஞை, தருக்கம், அனுமானம், ஆகமம் என்னும் ஐந்தில் முதலிடம் ஸ்மிருதிக்கே. காஞ்சியில் பௌத்தரோடு வாதிட்டவராக அகளங்கரைச் செவிவழி மரபு இப்பகுதியில் இன்றும் போற்றுகிறது. வாதத்தில் வல்லவரான அவர் நினைவைச் சான்றாக ஏற்றது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

அவர்கள் கூறிய காரணம் உலகியலோடு பொருந்துவது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்கிறோம். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்னும் தொடர்பை நினைவில் கொள்ளாதவன் அவ்வாறு உய்த்துணர முடியுமா? நினைவைத் தள்ளினால் அனுமானமும் தள்ளுண்டு போகும். கொடுத்தது, வாங்கியது, சொன்ன சொல் ஆகிய அனைத்தும் நினைவின்மீதே நிற்கின்றன. நினைவுக்குச் சான்றாண்மை இல்லையென்றால் வாணிகமும் இல்லை, நன்றியும் இல்லை, விரதமும் இல்லை.

ஆனால் அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பிரமாணத்திற்கும் அதன் போலி ஒன்று உண்டு; அதற்கு ஆபாசம் என்று பெயர். நினைவுப் போலிக்கு மாணிக்யநந்தி காட்டும் உதாரணம், ஜினதத்தனை நினைத்து அவனைத் தேவதத்தன் என்று கொள்வது. வேறொருவர் கூறியதை அண்ணன் கூறியதாகக் கொண்ட எனக்கு இவ்வுதாரணத்தைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை. நினைவைச் சான்றாக ஏற்க வேண்டும். ஏற்ற சான்றைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொள்வதே அவர்கள் காட்டிய நெறி.

இக்கால உளவியலாரும் சோதனைகளின் வழியே இதற்கு அண்மையில் வந்துள்ளனர். 1986ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உளவியலார் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, எவ்வாறு அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் பலரிடம் அதே கேள்வியை மீண்டும் கேட்டனர். பலருடைய விடை முன்னர் எழுதியதினின்றும் பெரிதும் மாறியிருந்தது. ஆயினும் அவர்கள் தம் நினைவில் உறுதியாக இருந்தனர். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் இழந்த நினைவு திரும்பவில்லை. 1992ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வைப் பற்றி அறிந்தபோது என் கணக்கு நோட்டே கண்முன் நின்றது. அம்மாணவர்கள் முதியவர்கள் அல்லர் என்பதைக் கருதுதல் வேண்டும். உறுதி வேறு, உண்மை வேறு என்பது எல்லா வயதினர்க்கும் பொது.

ஆண்டுகள் செல்லச் செல்ல

வயது ஏறும்போது நினைவு முழுவதும் ஒருசேரத் தேய்வதில்லை. எண்டல் டல்விங் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டில் நினைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நடந்தது என்னும் நிகழ்ச்சி நினைவு ஒன்று. சொற்களின் பொருள், உலகின் இயல்பு, தொழிலின் நுட்பம் ஆகியவற்றைப் பற்றிய பொருள் நினைவு மற்றொன்று. நிகழ்ச்சி நினைவே முதுமையில் முதலில் தளர்கிறது. பொருள் நினைவோ நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956ஆம் ஆண்டு வார்னர் ஷாயி தொடங்கிய நெடுங்கால ஆய்வும், விரைவாகச் செய்யும் ஆற்றல் முன்னதாகக் குறைவதையும், சொல்லறிவு முதுமை வரையில் தங்குவதையும் காட்டிற்று.

ஆரணியில் பட்டு நெய்யும் முதிய நெசவாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நேற்று வந்தவர் எத்தனை சேலை கேட்டார் என்பதை அவர் மறந்திருக்கலாம். ஆனால் பாவு இழையைத் தொட்டவுடன் அதன் குறையைச் சொல்லிவிடுவார். இந்த ஜரிகை இந்த நிறத்திற்கு ஒவ்வாது என்று துணிவார். அவருடைய அத்துணிபை, மறதி உடையவர் என்பதற்காகத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. கேட்ட சேலைகளின் எண்ணிக்கையையோ எழுதி வைத்துக்கொள்ளலாம். கரையின் பூ வேலையை நெசவாளர் மனத்தில் சுமப்பதில்லை. ஜக்கார்டு அட்டைகளின் துளைகள் அதனைச் சுமக்கின்றன. அதனால் நெசவு அவருடையது அன்று என யாரும் கூறுவதில்லை.

முதுமையில் மற்றொரு மாற்றமும் நேர்கிறது. முதியோரின் நினைவில் துன்பமான செய்திகளைக் காட்டிலும் இன்பமானவை மிகுதியாகத் தங்குகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா கார்ஸ்டென்சனும் அவருடன் ஆய்ந்தோரும் கண்டனர். எஞ்சிய காலம் குறைவு என்பதை உணர்ந்த உள்ளம், தனக்குப் பொருளுடையவற்றையே பற்றிக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். இதனால் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. பழம் பகையைக் கைவிடுதல் முதியவர்க்கு எளிதாகிறது. என் தாயார் என்னிடம் கேட்ட கேள்வியும் அத்தகைய உள்ளத்திலிருந்து வந்ததாகலாம். அதே வேளையில், இன்மொழி பேசித் தொலைபேசியில் வங்கி இரகசிய எண்ணைக் கேட்கும் வஞ்சகரிடம் ஏமாறாதபடி முதியவர்க்குத் துணை வேண்டியிருக்கிறது.

இளமையில் நமக்கு அனுபவ நினைவு குறைவு. ஆகவே பெரியோரிடம் கேட்கிறோம், அல்லது ஆசையின் வழியே துணிகிறோம். முதுமையில் நினைவு தளர்வதை நாமே உணர்கிறோம். ஆகவே ஐயுற்று, அருகில் இருப்பவரைக் கேட்கிறோம். நடுவயதிலோ நினைவும் நிறைந்திருக்கிறது, அதிகாரமும் கையில் இருக்கிறது. யாரையும் கேட்கத் தோன்றுவதில்லை. நினைவுப் போலியால் பெருந்தீங்கு விளைவது பெரும்பாலும் இப்பருவத்திலே என்பது என் அனுபவம்.

இரவில் பசித்த தாயார்

இனி, நினைவு மிகவும் தளர்ந்தவரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். என் தாயார் இளமை முதல் இரவுண்ணாமை நோன்பைக் காத்தவர். இறுதி ஆண்டில், பொழுது சாய்வதற்கு முன் உண்டதை மறந்து, விளக்கேற்றிய பின் 'பசிக்கிறது, சோறு போடு' என்று கேட்கலானார். நாங்கள் என்ன செய்வது? கேட்டதைக் கொடுத்தால், அறுபது ஆண்டுகள் அவர் காத்த நோன்பை எங்கள் கையாலேயே குலைத்தவர் ஆவோம். கொடாவிட்டால், பெற்ற தாய் பசி என்று கேட்கையில் மறுத்தவர் ஆவோம். முன்னைய துணிபு அவருடையதா, இப்போதைய வேண்டுகோள் அவருடையதா?

தத்துவார்த்த சூத்திரம் விரதங்களின் அதிசாரங்களை அடுக்கும் இடத்தில் மறதியையும் எண்ணுகிறது. திக்விரதத்தில் வகுத்துக்கொண்ட எல்லையை மறத்தல், சாமாயிகத்திலும் போஷதத்திலும் நினைவு நில்லாமை ஆகியவை அங்கே கூறப்படுகின்றன. இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. விரதம் என்பது ஒருநாள் எடுக்கும் முடிவன்று. நாள்தோறும் நினைவினால் புதுப்பிக்கப்பட வேண்டிய முடிவு. அடுத்து, மறதி விரதத்தின் முழு அழிவாகாமல் வழுவாகவே வைக்கப்பட்டுள்ளது. கவனமின்மையால் வரும் மறதிக்கே இவ்வழு பொருந்தும் என்பது என் எண்ணம். நோயினால் வரும் மறதி ஞானாவரணீய வினையின் திரை. அதற்கு நோயுற்றவரைக் குறை கூறுவது எவ்வாறு?

முடிவில் நாங்கள் ஒரு வழி கண்டோம். அவர் கேட்டவுடன் மறுக்கவும் இல்லை, உடனே கொடுக்கவும் இல்லை. அருகில் அமர்ந்து, "அம்மா, விளக்கேற்றியாயிற்று. நீங்கள் மாலையில் சாப்பிட்டீர்கள். இரவில் சாப்பிடுவதில்லை என்று நோன்பு எடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்வோம். பல நாட்களில், "அப்படியா? அப்படியென்றால் வேண்டாம்" என்று கையை மடக்கிக்கொள்வார். சில நாட்களில், "இருக்கட்டும், பசிக்கிறது" என்பார். அன்று கொடுத்துவிடுவோம். அவர் இழந்த நினைவை நாங்கள் கொடுத்தோம்; துணிபை அவரிடமே விட்டோம். அதில் குறை காணும் ஆசாரியர் இருப்பாராயின் வணங்கி ஏற்றுக்கொள்வேன். ஆனால் அதனைக் காட்டிலும் மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

நாட்டின் சட்டமும் இதனையொத்த நோக்குடையதாகவே காண்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் ஒருவரை ஒரேயடியாகத் தகுதியற்றவர் என ஒதுக்குவதில்லை. பெரும்பாலும் மனம் தெளிவற்றிருப்பவரும் தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம், உயிலும் எழுதலாம். செய்யும் அந்தச் செயலை அந்த வேளையில் அவர் விளங்கிக்கொள்கிறாரா என்பதே வினா. பேரனின் பெயரை மறந்தவர் என்பதனால் மட்டும், தம் நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அறியாதவர் ஆகிவிடமாட்டார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டமோ, தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் எழுதிக் கொடுத்த சொத்தை, பெற்றவர் பேணத் தவறினால் தீர்ப்பாயத்தின் வழியே மீட்க இடம் தருகிறது. முதியவரைத் தெளிவில்லாத வேளையில் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று கையெழுத்து வாங்குவது சட்டத்திற்கும் பிழை, அஸ்தேய விரதத்திற்கும் பிழை. தெளிவுடன் இருக்கும்போது அவரைக் கேட்காமலே அவர் சொத்தைப் பற்றி முடிவு செய்வதும் அத்தகையதே.

இங்கே உடல்நலம் பற்றியும் ஒன்று கூறுதல் கடமை. மறதி அனைத்தும் முதுமையின் விளைவு என்று விட்டுவிடலாகாது. தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் நினைவு தளரும். காது கேளாமையும் மறதி போலத் தோன்றக்கூடும். பி12 வைட்டமின் குறைவினாலும் மறதி வரும். இச்சத்துத் தாவர உணவுகளில் இயல்பாக இல்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. பாலும் தயிரும் குறைவாகக் கொள்ளும் நம்மவர் இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் ஆலோசனைப்படி நடந்துகொள்வது நலம். தீர்க்கக்கூடிய குறையைத் தீர்க்காமல், பெரியவர்க்குப் புத்தி மங்கிவிட்டது என்று கூறிவிடுவது அவர்க்குச் செய்யும் அநீதியாகும்.

பிறர் நினைவைக் கேட்டல்

நினைவு தளர்ந்தவர்க்கு நம் நினைவைக் கொடுப்பது ஒரு கடமை. நினைவு உறுதியாக உள்ளவர்க்கும் ஒரு கடமை உண்டு. அது பிறர் நினைவைக் கேட்பது. யசோதர காவியத்தில் மாரிதத்த மன்னன் பலியிட ஆயத்தமாக நிற்கிறான். அபயருசியும் அபயமதியும் மாவினால் செய்த கோழி ஒன்றைப் பலியிட்டதன் விளைவாகத் தாம் எடுத்த பிறவிகளை நினைவு கூர்ந்து அவனுக்கு உரைக்கின்றனர். மன்னன் மனம் மாறிப் பலியைக் கைவிடுகிறான். அவனைத் திருத்தியது அவனுடைய நினைவன்று; பிறர் நினைவு. கேட்கும் செவி அவனுக்கு இருந்தது என்பதே அவன் சிறப்பு.

'ஆலோசனை' என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். உலக வழக்கில் ஒன்றைச் செய்யுமுன் கலந்து எண்ணுவதை ஆலோசனை என்கிறோம். ஆகம வழக்கில் ஆலோசனை என்பது, தான் செய்த பிழையை நினைவுகூர்ந்து ஆசிரியரிடம் மறைக்காமல் கூறுவதாகும். முன்னது வருங்காலத்தை நோக்கியது. பின்னது சென்ற காலத்தை நோக்கியது. பின்னதைச் செய்யாதவர் முன்னதைச் செம்மையாகச் செய்ய இயலாது. தன் பழைய நினைவைப் பிறர் முன் வைத்துச் சோதிக்காதவர், அதனைக் கொண்டு செய்யும் புதிய முடிவு எவ்வாறு நேரியதாகும்?

கணக்கு நோட்டு கிடைத்த ஆண்டின் தசலட்சண நாட்களில் நான் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். நோட்டையும் எடுத்துச் சென்றிருந்தேன். எண்பதைக் கடந்த அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "வாப்பா" என்றார். நான் கிணற்றுப் பேச்சை எடுத்து, அந்நான்கு வரிகளைப் படித்துக் காட்டி, "உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன் அண்ணா, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "கூட்டமா? அப்படி ஒன்று நடந்ததா? எனக்கு நினைப்பே இல்லையே" என்றார். நான் அத்தனை ஆண்டுகள் காத்துவந்த பகை அவரிடத்தில் இடமே பெறவில்லை.

பின்னர் அவராகவே, "உன் அண்ணி போனபோது நீ வாசல் வரைக்கும் வந்து நின்றாயே, அது நினைப்பிருக்கிறது. உள்ளே வந்திருக்கலாம்" என்றார். நான் அன்று அந்தத் தெருப்பக்கமே செல்லவில்லை என்பது என் நினைவு. அவர் நினைவோ நான் வாசல் வரை வந்ததாகக் கூறுகிறது. இவ்விரண்டில் எது ஜினதத்தன், எது தேவதத்தன் என்று தீர்க்க அந்நாளைப் பற்றி என்னிடம் நோட்டு எதுவும் இல்லை. மறுத்துப் பேச வாய் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். "உள்ளே வந்திருக்க வேண்டும் அண்ணா, தவறுதான்" என்றேன். இரண்டு நினைவுகளில் எது மெய்யாயினும் அச்சொல் பொய்யாகாது.

எனக்கும் இப்போது எழுபது கடந்துவிட்டது. பெயர்கள் நழுவத் தொடங்கியுள்ளன. அது பற்றி முன்போல அச்சம் இல்லை. மறந்ததைச் சொல்லித்தர வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அவர்களிடம் வேண்டுவது இது ஒன்றே. என் நினைவு தவறும்போது உங்கள் நினைவைத் தாருங்கள். தந்தபின், என்ன செய்வது என்று என்னையே கேளுங்கள். நடுவயதில் உள்ள அன்பர்களிடம் வேண்டுவதும் ஒன்று உண்டு. யாரையேனும் விலக்கி வைக்கும் முடிவுக்கு வந்திருப்பீர்களாயின், அவருக்கும் ஒரு நினைவு இருக்கும். அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள்.